அரிசிக்கு முன்னே உலை

ஓசூர்
11.6.2023

அன்புள்ள தங்கை பிரகதாம்பாளுக்கு,

அண்ணன் வசந்தகுமார் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி சத்யாவும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறாயா, இல்லை அதையும் அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டாயா?

நான் கையால் கடிதம் எழுதி எத்தனையோ வருஷமாகிறது. தபாலாபீசில் கவர் கேட்டால் அங்கிருக்கிற பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள். எல்லாம் உன்னால் வந்த வினை. உன் போன் அணைந்தே கிடக்கிறது. பக்கத்து வீட்டு கார்த்திகாவைக் கூப்பிட்டுக் கேட்டால், "அத்தை ஆஸ்பத்திரி வாசல்ல கஞ்சி ஊத்தப் போயிருக்காங்க மாமா. போனை அம்மன் படத்துக்குப் பின்னாடி வச்சுட்டாங்க. இனிமே எடுக்க மாட்டாங்களாம்" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள்.

மாப்பிள்ளை ராசு அந்த ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்த பிறகு நீ கஞ்சி ஊற்ற ஆரம்பித்தாய். நான் தடுக்கவில்லை. நோயாளிக்குத் துணையாக வந்து வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக் கிடக்கிற ஜனத்துக்குக் காலையில் ஒரு சொம்பு கஞ்சி ஊற்றுவது நல்ல காரியம்தான். ஆனால் போன வாரம் இங்கே வந்த நம் ஊர் ஆண்டியப்பன் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. உன் வீட்டில் ஒரு மூட்டை அரிசி கூட இருப்பில் கிடையாதாம். கையில் அரிசி இல்லாமலே விடியற்காலையில் அடுப்பைப் பற்றவைத்து அண்டாவில் உலை வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பாயாம். "ஒங்க தங்கச்சி தண்ணிய கொதிக்க வச்சுக்கிட்டு சாமிகிட்ட மல்லுக்கு நிக்கிதுண்ணே" என்று அவன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியும். கம்பெனி ஸ்டோர்ஸில் எந்தச் சாமானும் ஒரு அளவுக்குக் கீழே குறையவிடக் கூடாது. குறைவதற்கு முன்பே வரவழைத்து வைக்க வேண்டும். ஒரு திருகாணி இல்லாமல் லைன் நின்றாலும் என் சட்டையைத்தான் பிடிப்பார்கள். இப்படிப்பட்டவனுக்கு இப்படி ஒரு தங்கச்சி! பதில் எழுது. அண்ணி உன்னை விசாரித்தாள்.

அன்புடன்,
வசந்தகுமார்


திருக்கோகர்ணம்
20.6.2023

அன்பான அண்ணனுக்கு,

பிரகதா எழுதிக்கொண்டது. அம்மன் காலடியில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறேன். தைலம் தேய்க்கிறேன், வலி போகவில்லை. அண்ணிக்கு மூச்சு வாங்குவது குறைந்ததா? போன பொங்கலுக்கு வந்தபோது மாடிப்படியில் நின்று நின்று ஏறினாள். அதைப் பற்றி எழுது.

போன் விஷயம் சொல்கிறேன். அது கையில் இருந்தால் கை சும்மா இருக்காது அண்ணே. ஒரு நாள் காலையில் அரிசி வரத் தாமதமானது. நான் பயந்துபோய் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டேன். கடைசியில் ஒரு அரிசி மில்காரர், "சரிம்மா, அனுப்பித் தொலைக்கிறேன்" என்றார். வந்தது, வடித்து ஊற்றினேன். அன்றைக்கு எல்லாரும் குடித்தார்கள், எனக்கு மட்டும் இறங்கவில்லை. அதற்குப் பிறகு யாரிடமும் கேட்பதில்லை என்று கோயிலில் சொல்லிவிட்டு வந்தேன். போனை எடுத்து உள்ளே வைத்தேன்.

அரிசி எப்படி வருகிறது என்றால், நம் தெருக்களில் பெண்கள் தினமும் சோறாக்க அரிசி களையும் முன் ஒரு பிடி எடுத்து ஒரு கலயத்தில் போட்டு வைக்கிறார்கள். நம் அம்மாவும் போடுவாளே, அந்தப் பிடியரிசிதான். கலயம் நிறைந்தால் கொண்டுவந்து என் வாசலில் கொட்டுவார்கள். யார் வீட்டுக் கலயம் என்றைக்கு நிறையும் என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியவளுக்குத் தெரியும்.

உலையை முன்கூட்டி வைப்பதற்கு ஒரு சாதாரணக் காரணமும் உண்டு. டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்குள் அந்த ஜனம் வார்டுக்குத் திரும்பியாக வேண்டும். அரிசி வந்த பிறகு தண்ணீர் கொதிக்க வைத்தால் நேரம் தப்பிவிடும். ஆண்டியப்பனிடம் இதையும் சொல்லிச் சிரிக்கச் சொல்.

இப்போது எனக்குக் கூடமாட இருப்பவள் முனியாயி. கந்தர்வக்கோட்டைப் பக்கம். புருஷனை ஆண்கள் வார்டில் சேர்த்துவிட்டு வரிசையில் வந்து நின்றவள், இரண்டாம் நாளே கரண்டியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "நீங்க ஊத்துற வேகத்துக்கு எங்க ஊரு கம்மாயே வத்திப் போகும்" என்றாள். ஆட்டோ வீரய்யா அண்டாவை ஏற்றிக்கொண்டு போய் இறக்குகிறார். காசு வாங்க மாட்டேன் என்கிறார்.

கவலைப்படாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
பிரகதா


ஓசூர்
2.7.2023

அன்புள்ள பிரகதாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மழை தூறுகிறது, எல்லாரும் நலம். உன் வாசலில் அரிசியும் உன் முழங்காலில் பலமும் குறையாமல் இருக்கட்டும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் பி.எப். பணத்தில் ஒரு பகுதி வருகிறது. அதை உன் கஞ்சிக்கென்று பாங்கில் போட்டுவிடலாம். அந்த வட்டிக்கு மாதாமாதம் அரிசி மண்டியிலிருந்து மூட்டை வந்து உன் வீட்டில் இறங்கும். நீ யாரையும் கேட்க வேண்டாம், வாசலையும் பார்க்க வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனைதான். வீட்டில் எப்போதும் பத்து நாளைக்கு உண்டான இருப்பு இருக்க வேண்டும்.

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்று நீ சொல்வாய். சரி, நீ பட்டினி கிடந்து சாமியை நம்பு, யார் வேண்டாம் என்றது? உன் மகன் பாலாஜி சிங்கப்பூரிலிருந்து அனுப்புகிற பணத்தில் உன் வயிற்றுப்பாடு கழிந்துவிடும். ஆனால் வரிசையில் சொம்போடு நிற்கிறவன் உன் பரீட்சையை எழுத வந்தவன் இல்லை தங்கச்சி. உள்ளே அவன் பெண்டாட்டியோ பிள்ளையோ கிடக்கிறது. உன் நம்பிக்கைக்கு அவன் வயிற்றைப் பணயம் வைக்க உனக்கு என்ன உரிமை இருக்கிறது? இதைக் கோபத்தில் எழுதவில்லை. நன்றாக யோசித்துவிட்டு பாங்கு பாரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. பாரம் கவரில் இருக்கிறது.

உன் நன்மையையே நினைக்கும்,
வசந்தகுமார்


திருக்கோகர்ணம்
19.7.2023

பிரியமுள்ள அண்ணனுக்கு,

தங்கை பிரகதா வணக்கம். ஆடி பிறந்துவிட்டது, கோயிலில் நல்ல கூட்டம். உன் பேரிலும் அண்ணி பேரிலும் அர்ச்சனை செய்தேன். இரண்டு கடிதத்திலும் அண்ணியைப் பற்றி ஒரு வரி கூட நீ சரியாக எழுதவில்லை. "எல்லாரும் நலம்" என்று எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டாதே.

நீ கேட்ட கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. பொய் சொல்ல மாட்டேன், அது நியாயமான கேள்விதான். ஆனாலும் பாரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், கேள்.

ஆரம்பத்தில் ஒரு கல்யாண வீட்டார் மிச்சப்பட்ட அரிசி மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். கூடத்தில் சுவர் ஓரமாக அடுக்கி வைத்தேன். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு நிம்மதியாக இருந்தது. நாலாம் நாள் முதல் அளந்து போட ஆரம்பித்தேன். நாளைக்கு வேண்டும், அடுத்த வாரத்துக்கு வேண்டும் என்று கஞ்சியில் தண்ணீரைக் கூட்டினேன். இன்னொரு கரண்டி கேட்ட கிழவரைப் பார்த்து, "பின்னாடி ஆள் நிக்குது தெரியல?" என்று அதட்டினேன். அண்ணே, நான் அப்படிப் பேசுகிறவளா? வீட்டில் ஒன்றும் இல்லாத நாட்களில் என் கரண்டி நிறைந்துதான் இருந்தது. மூட்டை ஏறிய பிறகுதான் அது சிறுத்தது. கடைசியில் அடி மூட்டையில் வண்டு விழுந்து, பாதியைப் புடைத்துக் கொட்டினேன். அன்றைக்கு முடிவெடுத்தேன், இன்றைக்கு வந்தது இன்றைக்கே வேக வேண்டும்.

நீ உன் ஸ்டோர்ஸை நன்றாகப் பார்த்துக்கொள். அது இரும்பு, வைத்தால் இருக்கும். பாரத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உன் பணத்தை அண்ணி உடம்புக்கு வைத்துக்கொள். கோபித்துக்கொள்ளாதே. என் கூடப் பிறந்தவன் நீ ஒருவன்தான்.

உன் தங்கை,
பிரகதா


ஓசூர்
6.8.2023

தங்கை பிரகதாவுக்கு,

நலம். உன் நலத்துக்கும் வேண்டுகிறேன்.

திருப்பி அனுப்பிய பாரம் வந்து சேர்ந்தது. பிடிவாதத்தில் நீ அப்பாவைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாய்.

ஒரே ஒரு கேள்வி. உலை கொதித்து, நேரமும் ஆகி, அரிசி வராமல் போனால் அன்றைக்கு என்ன செய்வாய்? சாமி, அம்மன், கலயம் என்று சுற்றி வளைக்காமல் பதில் எழுது. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்க மாட்டேன்.

அண்ணி நன்றாக இருக்கிறாள்.

வசந்தகுமார்


திருக்கோகர்ணம்
29.10.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

நீயும் அண்ணியும் சுகமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன். பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு மன்னித்துக்கொள். உன்னிடமிருந்தும் கார்த்திகா போனுக்கு ஒரு தகவலும் இல்லை.

இங்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. விறகு நனைகிறது. நவராத்திரிக்கு நம் தெருப் பிள்ளைகள் நன்றாகக் கொலு வைத்தார்கள். முனியாயி புருஷன் போன மாதம் இறந்துவிட்டார். காரியம் முடித்துவிட்டு மறுபடி என்னிடமே வந்துவிட்டாள். "ஊருல எனக்கு யாரு இருக்கா, இங்கிட்டே கெடக்கேன்" என்றாள். பின்கட்டு அறையை ஒழித்துக் கொடுத்தேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுதத்தான் வேண்டும். இப்போது என்னால் முடியவில்லை.

பிரகதா


22.11.2023

அன்புள்ள தங்கைக்கு,

எல்லாரும் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்? பதில் தாமதமானதில் எனக்கு வருத்தமில்லை. நானும் எழுதவில்லை. பாங்கு விஷயத்தை இனி நான் பேசப் போவதில்லை, நீயும் மறந்துவிடு.

மழையில் ரொம்ப நனையாதே. முனியாயி உன்னோடு இருப்பது நல்லதுதான்.

சும்மா ஒன்று தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். உன்னிடம் வருகிறவர்கள் பாத்திரம் கையோடு கொண்டுவருவார்களா, இல்லை நீயே கொடுப்பாயா? முதல் தடவை வருகிறவனுக்கு அது எப்படித் தெரியும்?

அன்புடன்,
அண்ணன்


திருக்கோகர்ணம்
28.11.2023

என் அண்ணனுக்கு,

நேற்று முன்தினம் கார்த்திகை தீபம். வாசல் முழுக்க விளக்கு வைத்துவிட்டு உள்ளே வந்தால் உன் கடிதம் கிடந்தது. நான் நலம். நீ நலமில்லை.

கடிதத்தின் மேலே ஊர்ப் பெயர் போடவில்லை. கவரில் குத்தியிருக்கிற முத்திரை வேலூர். ஆஸ்பத்திரிக்குப் போகிறவனைத் தவிர வேலூருக்கு நம் ஊர்க்காரன் எதற்குப் போகிறான்? பாத்திரம் யார் கொண்டுவருவது என்று கேட்டிருக்கிறாய். உன்னை எனக்குத் தெரியாதா? எந்த வரிசையில் நிற்கிறாய் அண்ணே? அண்ணிக்கு என்ன ஆயிற்று?

நீ சொல்ல வெட்கப்படுவாய். அதனால் என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீ கேட்ட அந்த நாள் வந்தது. புரட்டாசியில் ஒரு காலை. உலை கொதித்தது. யாரும் வரவில்லை. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் ஒரு குடம் ஊற்றினேன். முனியாயி என் முகத்தைப் பார்த்தாள், பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டாள். வீரய்யா ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடித்தார். நான் உள்ளே போய் அம்மன் படத்துக்குப் பின்னால் இருந்த போனை எடுத்தேன். ஆமாம், எடுத்தேன். அது செத்துக் கிடந்தது. சார்ஜில் போட்டுவிட்டு அது உயிர் பெறும் வரை நிற்க எனக்குப் பொறுமை இல்லை. வெறுங்கையோடு ஆட்டோவில் ஏறினேன்.

வாசலில் வரிசை நின்றது. "இன்னைக்கு இல்லப்பா. அரிசி வரல" என்றேன். வேறு ஆளை விட்டுச் சொல்லச் சொல்லியிருக்கலாம். நானே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. யாரும் திட்டவில்லை. ஒரு பெரியவர் சொம்பைத் துண்டில் சுற்றிக்கொண்டே, "பரவால்லத்தா, நாளைக்கு வாரேன்" என்றார். பச்சைக் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் மட்டும் குழாயடிக்குப் போய்த் தண்ணீர் பிடித்துக் குடித்தாள். மறுபடியும் பிடித்தாள், குடித்தாள். பால் கொடுக்கிறவள். நீ எழுதியது அப்போது என் முகத்தில் அடித்தது. அவள் வயிறு என் பரீட்சை இல்லைதான். நீ சொன்னது சரி. எனக்கு அழுகை வந்தது, அவள் முன்னால் அழ எனக்கு யோக்கியதை இல்லை என்று அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்தேன். அம்மனிடம் சண்டை போட்டேன், அதை இங்கே எழுத முடியாது. சாயங்காலம் முனியாயி வந்து மெல்லக் கேட்டாள். "நாளைக்கு உலை வைக்கவாக்கா, வேணாமா?"

"வை" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் யோசித்தேன். அதனால்தான் உனக்கு எழுதவில்லை. இப்போது என்னால் இவ்வளவுதான் சொல்ல முடியும். அரிசி நாளைக்கு வருமா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண் நாளைக்கும் வரிசையில் நிற்பாள் என்று தெரியும். தெரிந்ததற்கு அடுப்பைப் பற்றவைப்பது என் வேலை. தெரியாததை நினைத்து இன்றைக்கே பயந்து அடுப்பை அணைத்துவிட்டால், அவளுக்கு நாளைக்கும் கஞ்சி இல்லை என்று நானே தீர்ப்புச் சொன்ன மாதிரி ஆகிவிடும். மறுநாள் அரிசி வந்தது. அதை அற்புதம் என்று எழுத மாட்டேன். அந்தப் பெண்ணுக்கு முதலில் ஊற்றினேன், அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

என்னுடையது இவ்வளவுதான். இனி நீ சொல். ஒன்றையும் மறைக்காதே.

பிரகதா


வேலூர்
4.12.2023

அன்புத் தங்கச்சிக்கு,

ஓசூர் வீட்டுக்கு வந்த உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டார் இங்கே திருப்பி அனுப்பி, இன்று கைக்கு வந்தது. நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

உன் அண்ணிக்கு இருதயத்தில் வால்வு பழுதாகிவிட்டது. ஜூலையிலேயே ஓசூரில் சொன்னார்கள். உனக்குச் சொல்லக் கூடாது என்று அவளே சத்தியம் வாங்கிக்கொண்டாள். "பிரகதா கெளம்பி வந்துருவா, அங்க நூறு பேர் பட்டினி கெடப்பாங்க" என்றாள். பிறகு ஓசூரில் முடியாது என்று இங்கே அனுப்பினார்கள். உனக்கு நான் பெரிய மனசோடு எழுதினேனே, அந்த பி.எப். பணம், அது போய்விட்டது. மற்ற சேமிப்பும் போய்விட்டது. கம்பெனியில் சம்பளமில்லாத லீவு. இந்த மாதத்துக்கு, அடுத்த மாதத்துக்கு, ஆபத்துக்கு என்று பிரித்துப் பிரித்து வைத்திருந்தேன் பிரகதா. ஆபத்து எல்லாவற்றையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டது.

நீ கேட்டதற்குப் பதில். ஆமாம், நிற்கிறேன். ஆஸ்பத்திரிக்கு எதிரே யாரோ மத்தியானம் சாம்பார் சாதம் கொடுக்கிறார்கள். முதல் நாள் தெரியாத மாதிரி தாண்டிப் போனேன். அடுத்த நாள் கொஞ்ச தூரம் தள்ளி நின்று பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி நடித்தேன். அப்புறம் வரிசையில் சேர்ந்தேன். கையில் தட்டு இல்லை. எனக்கு முன்னால் நின்றவர் திரும்பி, "சார், எந்த வார்டு?" என்றார். சொன்னேன். "நமக்கும் அதே மாடிதான்" என்று தன் டிபன் பாக்ஸ் மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். அந்த மூடியில் வாங்கிச் சாப்பிட்டேன். பசி தீர்ந்த பிறகும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

வாழ்நாள் முழுக்க வந்த சரக்கையெல்லாம், எங்கிருந்து வந்தது, மிச்சம் எவ்வளவு என்று கேட்டவன் நான். அந்தச் சாதத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. நாளைக்கும் கொடுப்பார்களா என்று கூடத் தோன்றவில்லை. உன்னோடு சண்டை போட்டதற்கு வருத்தப்படுகிறேன். கேட்ட கேள்விக்கு இல்லை, அந்தக் கேள்வி சரியானதுதான். கேட்ட தோரணைக்கு.

பதினாலாம் தேதி ஆப்பரேஷன். பிழைப்பாள் என்று டாக்டர் சொல்கிறார், உறுதி சொல்லவில்லை. எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. ஆப்பரேஷனுக்குச் சம்மதம் என்கிற காகிதத்தில் தனியாளாகக் கையெழுத்துப் போட எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் உன்னை வா என்று கூப்பிட மாட்டேன். நீ வந்தால் அங்கே அடுப்பு நின்றுவிடும், அந்தப் பாவம் எங்களுக்கு வேண்டாம். அங்கிருந்தே அவளுக்காக வேண்டிக்கொள். போனில் சொன்னால் உடைந்துவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

உன் அண்ணன்


திருக்கோகர்ணம்
8.12.2023

அண்ணே,

நான் வருகிறேன். பதினொன்றாம் தேதி இங்கிருந்து புறப்படுகிறேன். இந்தக் கடிதம் முந்துமோ நான் முந்துவேனோ தெரியாது. ஜூலையிலிருந்து மறைத்ததற்கு அண்ணியை நேரில் வைத்துக்கொள்கிறேன். முதலில் எழுந்து உட்காரட்டும்.

உன் கடிதத்தைப் படித்ததும், 'நான் போனால் அடுப்பு என்னாவது' என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. உன் வேதனைக்கு முன்னால் அது தோன்றியது. எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது. அரிசிக்கு மட்டும் அம்மனை நம்பியிருக்கிறேன் அண்ணே. அடுப்புக்கு என்னைத்தான் நம்பியிருக்கிறேன். நான் உட்கார்ந்து வாசலைப் பார்த்தால்தான் அரிசி வரும், நான் இல்லாவிட்டால் அம்மனுக்கும் கை ஓடாது என்று நினைத்திருக்கிறேன். நீ பத்து நாள் இருப்பு வைக்கச் சொன்னாய், நான் மாட்டேன் என்றேன். நான் என்னையே இருப்பாக வைத்திருந்தது எனக்குத் தெரியவில்லை.

முனியாயியைக் கூப்பிட்டு, "இனி நீ பார்த்துக்கொள்" என்றேன். மிரண்டுபோனாள். "நானாக்கா? நான் உலை வச்சா அரிசி வருமா? நான் என்னத்த கும்புட்டேன், என்னத்த கண்டேன்?" என்றாள். "நீ வை" என்றேன். "வரலன்னா?" என்றாள். "வரிசைக்குப் போய் நீயே சொல். ஆள் விட்டுச் சொல்லாதே. மறுநாளும் வை" என்றேன். வேறு ஒன்றும் சொல்லித்தர என்னிடம் இல்லை. வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்தேன். இடுப்பில் செருகிக்கொண்டு பின்கட்டுக்குப் போய் அழுதாள்.

எனக்குப் பயம் இல்லை என்று எழுத மாட்டேன். அண்ணிக்கு என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டேதான் துணிகளை எடுத்து வைக்கிறேன். ஆனாலும் வருகிறேன். அந்தக் காகிதத்தை நீ ஒரு ஓரம் பிடி, நான் ஒரு ஓரம் பிடிக்கிறேன், கையெழுத்துப் போட்டுவிடலாம்.

அண்ணியிடம் நான் வருவதைச் சொல்லாதே. சொன்னால் வேண்டாம் என்பாள்.

பிரகதா


திருக்கோகர்ணம்
21.12.2023

மகராசியா இருக்குற எங்க அக்காவுக்கு,

முனியாயி கும்புடு. நான் சொல்லச் சொல்ல கார்த்திகா எழுதுது. போன் பண்ணலாம்னுதான் அது சொன்னுச்சு. ஆஸ்பத்திரியில போன் அடிச்சா அண்ணிக்குத் தூக்கம் கெடும்னு நான்தான் கடுதாசி போடச் சொன்னேன். அண்ணிக்கு ஆப்பரேசன் நல்லபடியா முடிஞ்சு, கண்ணு முழிச்சு, ஒங்கள பாத்து ஏசுனாங்கன்னு நீங்க எழுதுனத இங்கிட்டு எல்லாருக்கும் படிச்சுக் காட்டியாச்சு. ஏச தெம்பு வந்துருச்சுல்ல, இனி பயமில்ல. அண்ணனுக்கும் கும்புடு சொல்லுங்க.

நீங்க போன மறுநா வெடியக்காலம் உலை வச்சேன். கையும் ஓடல காலும் ஓடல. கொதிச்சுருச்சு, ஒருத்தரும் வரல. ஒங்கள மாதிரி சாமிகிட்ட ஒரிமையா சண்ட போட எனக்குத் தெரியாது. "ஆத்தா, நான் புதுசு"ன்னு மட்டும் சொன்னேன். அந்நேரம் பாத்து ஆஸ்பத்திரியில கூட்டிப் பெருக்குற சந்தனமேரி அக்கா சைக்கிள்ல ஒரு பையோட வந்து நிக்கிது. கிறிஸ்மஸ்க்கு அவுக கோயில்ல அரிசி குடுத்தாகளாம். "ஒங்க அக்கா ஊர்ல இல்லையாமுல்ல, நீ தடுமாறுவேன்னு கொண்டாந்தேன்"னு சொன்னுச்சு. பின்னாடியே தெருப் பொம்பளைங்க. கலயம் நெறையாதவுக கூட கொறக் கலயத்தோட வந்து கொட்டிட்டாக. எல்லார் வாயிலயும் ஒரே பேச்சுதான், முனியாயி தனியா கெடக்கா.

தெனமும் இதே கதையாப் போச்சுக்கா. அரிசி மிஞ்சுது. வச்சுக்கிறக் கூடாதுன்னு நீங்க சொல்லியிருக்கீக. என்ன செய்றதுன்னு வீரய்யா அண்ணனும் நானும் யோசிச்சோம். இப்ப சாயங்காலமும் ஒரு அண்டா கொண்டுபோறோம். ராத்திரித் தொணைக்கு வாரவுகளுக்கு அதுவரைக்கும் ஒண்ணுமே இல்லாம இருந்துருக்கு. நமக்குத் தெரியாமப் போச்சே.

ஒரு நா கஞ்சி அடிப்பிடிச்சுப் போச்சு. அப்புடியே ஊத்துனேன். ஒரு பெரியவரு மட்டும் மொகத்தச் சுழிச்சாரு, குடிச்சுட்டாரு.

நீங்க இல்லாம இங்க ஒண்ணும் நின்னு போகல. கோவிச்சுக்காதீங்க. நேத்து இத நெனச்சு எனக்கே கொஞ்சம் சங்கடமா இருந்துச்சு, அப்புறம் சிரிப்பு வந்துருச்சு. அண்ணி எந்திரிச்சு தன் காலால நடந்து வீடு போய்ச் சேருற வரைக்கும் கூட இருங்க. அவசரப்பட்டு வந்துறாதீங்க.

முனியாயி சொல்ல,
கார்த்திகா எழுதியது